‘சாப்டியா’ போகும் வழி

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்தார். “ஏம்ப்பா, உங்க ஊர்லயும் நெட்டு போயிடுச்சா? பாப்பாவுக்கு மெசேஜ் போகவே மாட்டேங்குது.”

பாப்பா என்பது டொரன்டோவில் இருக்கும் அவர் மகள். நாற்பதைத் தொடப்போகிறவள். தினமும் படுக்கப் போகும் முன் அத்தை அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்புவார்: ‘சாப்டியா’. அங்கே அப்போது மதியம் பன்னிரண்டு. அன்று அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் தோன்றி அப்படியே நின்றுவிட்டது. டிக் விழவில்லை.

நெட் எங்கும் போகவில்லை. ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் உள்வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, ‘எங்களிடம் வர வழி இது’ என்று உலகத்துக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்த அதன் கருவிகளும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வீடு இருக்கிறது, தெருப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்கிற நிலை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க மறைந்து போயின. அதே நேரத்தில் மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. செய்தித் தளங்கள் திறந்தன. அத்தை கையிலிருந்த போனிலேயே திறந்திருக்கும்.

அத்தை சொன்னதில் பிழை காண மாட்டேன். இணையத்தை நாம் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை; அதன் மேல் ஓடுகிறவற்றைத்தான் பார்க்கிறோம். வலைத்தளம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் வண்டிகள். இணையம் சாலை. அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதை, அத்தையின் ஒற்றைச் சொல்லைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

முதலில் சொல் எண்ணாக வேண்டும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலுக்கு யூனிகோட் என்று பெயர். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ‘சாப்டியா’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு: ச, துணைக்கால், ப, புள்ளி, ட, இகரக் குறி, ய, மறுபடி துணைக்கால். யூடிஎஃப்-8 என்ற முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட். ச என்றால் 224, 174, 154. துணைக்கால் 224, 174, 190. ஆக அத்தையின் விசாரிப்பு மொத்தம் 24 பைட். இந்த யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதி உருவாக்கினார்கள். இன்று வலைப்பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முறையில்தான் எழுதப்படுகின்றன.

போனை விட்டுக் கிளம்பும் முன் இந்த 24 பைட்டுக்கும் பூட்டுப் போடப்படுகிறது. சாவி அத்தையின் போனிலும் மகளின் போனிலும் மட்டும் இருக்கும். நடுவில் எடுத்துப் பார்ப்பவருக்குப் பொருளற்ற எண்வரிசை கிடைக்கும். பிறகு அது ஒரு பொட்டலத்துக்குள் போகிறது. மேலே இரண்டு முகவரி: அனுப்புநர், பெறுநர். இணையத்தில் ஓடும் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். அத்தையின் சொல்லுக்கு ஒரு பொட்டலம் போதும். பேரன் படம் வரைந்த தாளைப் புகைப்படமெடுத்து மகள் திருப்பி அனுப்பினால், படம் 3 மெகாபைட் என்றால், ஏறக்குறைய இரண்டாயிரம் பொட்டலமாகப் பிரிந்து வரும். இரண்டாயிரமும் ஒரே வழியில் வர வேண்டும் என்று விதியில்லை. முன்பின்னாகவும் வரலாம். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருப்பதால் போய்ச் சேர்ந்த இடத்தில் அடுக்கிக்கொள்ள முடிகிறது.

டிரங்க் கால் புக் செய்துவிட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அந்தக் காலத் தொலைபேசியில் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு முழுத் தடத்தையே இருவருக்காக ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பேசினாலும் சரி, அழுதுகொண்டு மௌனமாக நின்றாலும் சரி, அந்தத் தடம் வேறு யாருக்கும் கிடையாது. கணினிகளோ ஒரு நொடி கொட்டிவிட்டுப் பத்து நொடி சும்மா இருப்பவை. அவற்றுக்காக ஒரு தடத்தையே பிடித்து வைப்பது வீண். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரனும், பிரிட்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டொனால்ட் டேவிஸும் 1960களில் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: செய்தியைத் துண்டு துண்டாக்கு, ஒரே கம்பியைப் பலரும் பகிர்ந்துகொள்ளட்டும். பாரனின் கவலை அணுகுண்டு விழுந்தபின்னும் பேச முடியுமா என்பது. டேவிஸின் கவலை கணினியை வீணாக்காமல் பலர் பயன்படுத்துவது. துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் டேவிஸ். அணுப்போரில் தப்பிப் பிழைக்கவே இணையத்தைக் கட்டினார்கள் என்று பலரும் எழுதுவதைப் பார்க்கிறேன். பாரனின் ஆய்வுக்கு அந்தப் பின்னணி உண்டு. ஆனால் முதலில் கட்டப்பட்ட அர்பாநெட், தூரத்தூர ஆய்வுக்கூடங்கள் விலை உயர்ந்த கணினிகளைப் பகிர்ந்துகொள்வதற்காகப் போடப்பட்டது.

அந்த அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 இரவு பத்தரை மணிக்கு. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டத் தொடங்கினார். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. ஜி தட்டியபோது மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சரிசெய்து மறுபடி முயன்று வென்றார்கள்.

ஆனால் ஒரு வலையமைப்பு இணையம் ஆகாது. 1970களில் கம்பியில் ஒன்று, வானொலி அலையில் ஒன்று, செயற்கைக்கோள் வழியே ஒன்று என ஒன்றுக்கொன்று பேசத் தெரியாத வலையமைப்புகள் முளைத்தன. இவற்றை இணைப்பது எப்படி? ஒன்றை உயர்த்தி மற்றவற்றை அதற்குள் அடக்க ராபர்ட் கானும் விண்டன் செர்ஃபும் முயலவில்லை. 1974 மே மாதம் வெளியான கட்டுரையில் அவர்கள் முன்வைத்தது ஒரு மிகச் சிறிய உடன்படிக்கை. உன் வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள். வாசலுக்கு வெளியே அனுப்புவதை மட்டும் இந்த வடிவப் பொட்டலமாகக் கட்டு, இந்த முறையில் முகவரி எழுது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. இணையத்தின் பிறந்த நாள் என்று பலர் குறிப்பது அந்தத் தேதியைத்தான்.

அந்த உடன்படிக்கை கேட்காமல் விட்டவற்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. எந்த மொழி, பணமா படமா என்று கேட்பதில்லை. போய்ச் சேரும் என்று உறுதியும் தருவதில்லை. நடுவில் இருக்கும் ரவுட்டர் என்னும் கருவியின் வேலை, முகவரியைப் பார்த்து அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடுவது. முழு வழி அதற்குத் தெரியாது. அடுத்த அடி மட்டும் தெரியும். வழி தவறிய பொட்டலங்கள் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொட்டலம் அங்கேயே கைவிடப்படும். தொலைந்தால் கண்டுபிடிப்பது, மறுபடி அனுப்பச் சொல்வது, அடுக்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் இரு முனைகளில் இருப்பவர்களின் பொறுப்பு. எம்ஐடியைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1981இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்கள்: அறிவு முனைகளில் இருக்கட்டும், நடு எளிமையாக இருக்கட்டும்.

முகவரி என்றேனே, அது எண். பழைய முறையில் சுமார் 429 கோடி எண்கள்தான் இருந்தன. அவை தீர்ந்துபோனதால் இப்போது மிக நீண்ட எண்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர் நிற்கும். தொடக்க காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே கோப்பாக, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணியின் குழுவிடம் இருந்தது. புதுக் கணினி வைத்தால் அவர்களிடம் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது நடவாத காரியமானது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறை அந்தப் பட்டியலை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தது. அத்தை பேசிய அன்று இரவு ஃபேஸ்புக் விஷயத்தில் முதலில் விடை கிடைக்காமல் போனதும் இந்த இடத்தில்தான்: பெயரைச் சொன்னால் எண் சொல்ல ஆளில்லை.

பொட்டலம் கோபுரம் ஏறி, தெருவோரக் குழிக்குள் புதைந்த கண்ணாடி இழையில் இறங்கி, ஊர் ஊராகக் கடந்து கடற்கரைக்கு வருகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவு செயற்கைக்கோளில் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில்தான் போகிறது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் பருமன்தான் இருக்கும். அதற்குள் முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகள். இடையிடையே மங்கிய ஒளியைத் தூக்கிவிடும் பெருக்கிகள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ-2-ஐ கேபிள் 2002 முதல் ஓடுகிறது. 2020 ஆகஸ்டில் சென்னை – அந்தமான் கேபிள் திறக்கப்படும் வரை போர்ட் பிளேர் மக்கள் செயற்கைக்கோளை நம்பியே காலம் தள்ளினார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கும்பகோணத்திலிருந்து டொரன்டோவுக்கு வளைந்து நெளிந்து 20,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இந்த இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதை டோங்கா நாட்டு மக்கள் அறிவார்கள். 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்ததில் அந்தத் தீவுகளை உலகத்தோடு இணைத்த ஒரே கேபிள் பல இடங்களில் சிதைந்தது. கப்பல் வந்து தலைமைத் தீவுக்கு இணைப்பைச் சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. மற்ற இடங்களில் கேபிளை அறுப்பவை பெரும்பாலும் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான்.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதி. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வழியில் 40 பிட்தான் போனது. எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறுபடவில்லை, கருவி கெடவில்லை. நெரிசலில் ரவுட்டர் சில பொட்டலங்களைக் கைவிட்டது. வராததைக் கண்ட கணினிகள் உடனே மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் கூடியது. இன்னும் தொலைந்தன. இன்னும் வேகமாக அனுப்பின. குறுகிய வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டினால் ஒருவர்கூட வெளியே வர முடியாதல்லவா, அப்படி.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1988இல் வெளியான அவர் தீர்வு நடுவிலிருந்த எந்தக் கருவியையும் தொடவில்லை. முனைகளுக்கு ஒரு நடத்தையைக் கற்றுக்கொடுத்தது. முதலில் கொஞ்சமாக அனுப்பு. போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தால் அளவைக் கூட்டு. ஒரு பொட்டலம் தொலைந்தால், வழியில் யாரோ நெரிசலில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு உன் அளவைக் குறைத்துக்கொள். பிறகு மெல்ல மெல்ல ஏறு.

கண்மாய்ப் பாசனத்தில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விட நீர்க்கட்டி இருப்பார். அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். இணையத்தில் நீர்க்கட்டி கிடையாது. கோடிக்கணக்கான போன்களும் கணினிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே, தொலைந்த பொட்டலம் போன்ற அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தாமாகவே விட்டுக்கொடுக்கின்றன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மின்னஞ்சலும் படமும் பாடமும் பணமும் இன்றும் நகர்வது அந்த விட்டுக்கொடுத்தலின் மேல்தான். பின்னால் வந்தவர்கள் கணக்கை நுணுக்கமாக்கினார்கள். அடிப்படை மாறவில்லை.

சாலை இப்படி யாரையும் எதுவும் கேட்காமல் திறந்து கிடந்ததால்தான் டிம் பெர்னர்ஸ்-லீ தன் வண்டியை அதில் இறக்க முடிந்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், வந்து போகும் விஞ்ஞானிகளின் ஆவணங்கள் வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கோத்துக் காட்ட 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். தெளிவில்லை, ஆனாலும் உற்சாகமூட்டுகிறது என்று அதன் மேல் குறித்தார் அவர் மேலாளர் மைக் செண்டால். பக்கத்துக்கு ஒரு முகவரி, பக்கத்தை எழுத ஒரு முறை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு முறை: வலை என்று நாம் சொல்வது இந்த மூன்றும்தான். முதல் வலை சர்வராக இருந்த கணினியில், இதை அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அவருக்கு முன்பே இணைப்புகளால் ஆவணங்களைக் கோக்கும் முறைகளை முயன்றவர்கள் இருந்தார்கள். பலரும் இணைப்பு உடையவே கூடாது என்று நினைத்தார்கள். அதற்கு எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒரு மையம் வேண்டும். பெர்னர்ஸ்-லீ, உடைந்தால் உடையட்டும் என்று விட்டார். நீங்கள் யாருடைய பக்கத்துக்கும் அவரைக் கேட்காமல் இணைப்புக் கொடுக்கலாம். அவர் நாளை அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் ‘404’ என்று வரும், அவ்வளவுதான். அந்த ஒரு குறையை ஏற்றுக்கொண்டதால் வலை வளர அனுமதி தேவைப்படவில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இதன் நிரல்களை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதே ஆண்டில், அப்போது வலையைவிடப் புகழ்பெற்றிருந்த கோஃபர் என்ற முறைக்கு, அதை உருவாக்கிய மின்னசோட்டா பல்கலைக்கழகம் சிலரிடம் கட்டணம் கேட்கப்போவதாகச் சொன்னது. ஆட்கள் வலைப் பக்கம் நகர்ந்தார்கள்.

தமிழ் இந்தச் சாலைக்கு வந்த கதையை என் அத்தைக்கு வந்த ஒரு கடிதத்தோடுதான் என்னால் சொல்ல முடியும். 2003இல், வெளிநாடு போன புதிதில் மகள் ஒரு நீண்ட மின்னஞ்சல் தமிழில் அனுப்பியிருந்தாள். கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டரில் திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாக இரண்டு பக்கம். அத்தை அதைக் காசு கொடுத்து அப்படியே பிரின்ட் எடுத்து என்னிடம் கொண்டுவந்து, “ஏதாவது புரியுதா பாரு” என்று நீட்டினார். அவள் எந்த எழுத்துருவில் அடித்திருப்பாள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அந்தக் கடிதம் வழியில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. சாலை தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. ஆனால் எந்த எண் எந்த எழுத்து என்பதில் இரு முனைகளுக்கும் உடன்படிக்கை இல்லை. அன்று ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஓர் எண்வரிசை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா, தமிழ்நாடு என்று சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுவரிசையை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வரிசைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. யூனிகோட் மெல்ல மெல்ல எல்லாக் கருவிகளிலும் ஏறிய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இந்தச் சண்டைகள் ஓய்வதற்காகக் காத்திருக்காமல் 1998 பொங்கலன்றே மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றத் தொடங்கியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் ஈழத்து நூல்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற திட்டம். எதற்கும் இணையத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

முகவரியில்கூடத் தமிழ் வந்துவிட்டது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தளப் பெயர்கள் இப்போது உண்டு. டிஎன்எஸ் அமைப்புக்கு இன்றும் தமிழ் தெரியாது. பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வடிவமாக மாற்றித் தருவது நம் கையிலுள்ள உலாவி. இங்கேயும் முனைதான் கற்றுக்கொண்டது.

அன்று இரவு அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “நெட்டெல்லாம் இருக்கு அத்தை, வாட்ஸ்அப் மட்டும்தான் இல்ல. அழிச்சிடாதீங்க, உங்க போனே வச்சிருந்து அனுப்பிடும்” என்றேன். கடிகாரப் படம் என்றால் பொட்டலம் இன்னும் அனுப்புநர் கையிலேயே இருக்கிறது என்று பொருள். ஒற்றை டிக் விழுந்தால் வாட்ஸ்அப் சர்வர் வாங்கிக்கொண்டது. இரட்டை டிக், மகளின் போன் வாங்கிக்கொண்டது.

அவர் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பார்த்தபோது இரண்டு டிக்கும் விழுந்திருந்தன. கீழே, டொரன்டோவின் மாலையிலிருந்து பதில் வந்திருந்தது: ‘சாப்டேன்மா. நீ?’